டி.டி ஊசியும் ஒரு விஞ்ஞானியும்: 19 உயிர்களுக்காகப் பழி சுமந்த ஹாஃப்கினின் கதை

மணவாள நகரில் காலை ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்க நிற்பவர்களிடம் பேசிப் பாருங்கள். தகரம் கிழிச்சது, துருப்பிடிச்ச ஆணி குத்துனது, உடனே போய் டி.டி போட்டுக்கிட்டது என்று பாதிப் பேரிடம் ஒரு கதை இருக்கும். காக்களூர் எஸ்டேட்டோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டோ, கையில் ரத்தம் வந்தால் சூப்பர்வைசர் முதலில் சொல்வது அதைத்தான். ஒரு குத்து, ரெண்டு நாள் கை வலி, அவ்ளோதான்.

அந்த ஊசி தடுக்கும் டெட்டனஸ் நோய், சுமார் 120 வருஷத்துக்கு முன் ஒரு மனிதரின் வாழ்க்கையையே கவிழ்த்துப் போட்டது. அவர் டெட்டனஸ் நோயாளியும் இல்லை, அந்த நோயை ஆராய்ந்தவரும் இல்லை. காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி செய்து, ரெண்டையும் முதலில் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தவர். பெயர், வால்டெமர் ஹாஃப்கின்.

முள் குத்திய நட்சத்திர மீன்

1860-ல் கருங்கடல் ஓரத்து ஒடெசாவில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹாஃப்கின். கல்லூரியில் அவருக்கு வாத்தியார் இலியா மெக்னிகோவ். இந்த மெக்னிகோவ், 1882-ல் ஒரு விநோதமான வேலை செய்தார். நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குட்டிப் புழுவுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால், நகரும் செல்கள் கும்பலாக வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன.

உங்கள் விரலில் ஆணி குத்தினாலும் இதேதான் நடக்கிறது. குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது இல்லையா? ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து, உள்ளே நுழைந்த பாக்டீரியாவை விழுங்குகின்றன. இது நம் உடம்பின் முதல் வரிசைப் படை. யார் எதிரி என்று விசாரிக்க அதற்கு நேரமில்லை. வெளியாள் என்று தெரிந்தாலே அடிதான்.

மாணவர் ஹாஃப்கினுக்கோ வெளியிலும் அடி. யூதர்களுக்கு எதிரான கலவரத்தில் தன் மக்களைக் காக்கப் போய்க் காயம்பட்டார். அரசுக்கு எதிரான குழுவில் இருந்ததால் கைதானார். மதம் மாறினால் வாத்தியார் வேலை என்றார்கள், மாட்டேன் என்றார். ஊரை விட்டுக் கிளம்பி, பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கிடைத்த வேலை, உதவி நூலகர்! பகலில் புத்தகம் அடுக்கினார், கிடைத்த நேரத்தில் பாக்டீரியா வளர்த்தார், நடுநடுவே வயலின் வாசித்தார்.

முதல் டோஸ் எனக்கே

அந்தக் காலத்தில் காலரா என்றாலே ஊர் காலியாகும். நம் பாட்டிகள் வாந்திபேதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுதான். அந்தக் கிருமி குடலில் உட்கார்ந்து ஒரு நச்சைக் கக்கும். உடம்பின் தண்ணீர் மொத்தமும் சில மணி நேரத்தில் வெளியே போய்விடும். முதல் வரிசைப் படை சுதாரிப்பதற்குள் ஆளே போய்விடுவார்.

ஹாஃப்கின் யோசித்தது இதுதான்: எதிரியை முன்கூட்டியே உடம்புக்கு அறிமுகம் செய்துவைத்தால் என்ன? காலரா கிருமியை வெப்பத்தில் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தார். 1892 ஜூலை 18 அன்று அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. சில நாள் கழித்து வீரியமான இரண்டாவது டோஸையும் போட்டுக்கொண்டார். பிழைத்தார்.

அவர் அன்று பார்க்க முடியாத ஒன்றை இன்று நாம் பார்க்கிறோம். முதல் படை எதிரியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் நிணநீர் முடிச்சில் இருக்கும் இரண்டாவது படையிடம் காட்டுகிறது. அங்கே டி செல்கள் கட்டளை போடுகின்றன. பி செல்கள் அந்த எதிரிக்கென்றே அளவெடுத்து எதிர்ப்பொருள் தயாரிக்கின்றன. முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு வாரமாகும். ஆனால் சண்டை முடிந்ததும் சில செல்கள் அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே எதிரி வந்தால் பதிலடி பல மடங்கு வேகம். தடுப்பூசி என்பது நோய் இல்லாமல் அந்த ஞாபகத்தை மட்டும் கொடுப்பது.

நெய்யில் வளர்ந்த தடுப்பூசி

1893-ல் கல்கத்தா வந்து இறங்கினார். குடிசைப் பகுதிகள், தேயிலைத் தோட்டங்கள், ராணுவ முகாம்கள் என அலைந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காலரா ஊசி போட்டார். வெள்ளைக்காரர் ஊசியோடு வந்தால் சும்மா விடுவார்களா? சந்தேகம், எதிர்ப்பு, சில இடங்களில் கல்வீச்சு. அவர்கள் முன்னாலேயே தனக்கு ஊசி போட்டுக் காட்டித்தான் நம்ப வைத்தார்.

1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்ற நோய் அது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அந்தப் பயத்தின் மிச்சம்தான். பிளேக் கிருமி ஒரு தந்திரக்காரன். விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குள் ஊசி மாதிரி ஒரு குழாயைச் செருகி, விழுங்கும் வேலையையே முடக்கிவிடும். பிறகு படை கூடும் நிணநீர் முடிச்சுக்குள்ளேயே புகுந்து பெருகும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டுவது அதனால்தான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், உடம்பின் பதிலடியே கட்டுமீறிப் போய் நம் உறுப்புகளையும் சேர்த்து அடிக்கும். செப்சிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சின்ன இடத்தில், விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு ஹாஃப்கின் உட்கார்ந்தார். கிருமி வளர்க்கும் குடுவையில் நம்ம ஊர் நெய்யைச் சில துளிகள் மிதக்கவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுது மாதிரி தொங்கி வளர்ந்தன. பிறகு சூடாக்கிக் கொன்றார். செத்த எதிரியைக் காட்டினாலும் உடம்பு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசி வழக்கம்போல் தனக்கே. பின்னாளில் மக்களுக்குப் போட்டதைவிடப் பல மடங்கு டோஸ் அது.

அடுத்து பைகுல்லா சிறை. தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு பிளேக், 6 பேர் மரணம். போட்டவர்களில் 2 பேருக்கு மட்டும் நோய், மரணம் இல்லை. சில வருஷங்களில் அந்த ஊசி லட்சக்கணக்கானவர்களுக்குப் போனது.

மல்கோவால்

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் ஊசி போட்டார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் 19 பேர் தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து இறந்தார்கள். டெட்டனஸ். 19 பேருக்கும் ஊசி போட்டது ஒரே பாட்டிலிலிருந்து.

டெட்டனஸ் கிருமி மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும். காயத்தின் ஆழத்தில், காற்று படாத இடத்தில் விழித்துக்கொண்டு நச்சு விடும். உயிரைக் கொல்ல அதில் துளியில் துளி போதும். உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட அந்த அளவு போதாது. அதனால்தான் ஒருமுறை டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. தயாரிப்பில் அவர் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டதுதான் காரணம் என்றது விசாரணைக் குழு. வேலையிலிருந்து விலக்கப்பட்டு, இந்தியாவை விட்டே போனார். ஆனால் உண்மை கிராமத்திலேயே கிடந்தது. பாட்டிலைத் திறந்த இடுக்கி அதற்குமுன் தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. மற்ற பாட்டில்களில் பிரச்னையே இல்லை. மலேரியாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் உட்படப் பல விஞ்ஞானிகள் அவருக்காகப் பகிரங்கமாக எழுதினார்கள். 1907-ல் குற்றமற்றவர் என்றானது.

திரும்பி வந்தார். ஆனால் தான் உருவாக்கிய பம்பாய் ஆய்வகம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் வேலை, புதிய தடுப்பூசிச் சோதனைகளுக்கும் தடை. 55 வயதில் ஓய்வுபெற்று ஐரோப்பா போனார். 1925-ல் பம்பாய் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் பெயர் வைத்தார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் இறந்தார். 1964-ல் இந்தியா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அவர் செய்த காலரா ஊசி இன்று புழக்கத்தில் இல்லை. குடலில் சண்டை போட வேண்டிய கிருமிக்கு வாய்வழி மருந்தே சரி என்று பிறகு புரிந்தது. ஆனால் உடம்புக்கு முகத்தைக் காட்டிவை, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்ற அவரது நம்பிக்கை தப்பவில்லை. டெட்டனஸ் நச்சையே பல்லைப் பிடுங்கித் தடுப்பூசியாக்கும் வித்தை 1920-களில் வந்தது. நீங்கள் போட்டுக்கொள்ளும் டி.டி அதன் வாரிசு.

அடுத்த தடவை கையில் தகரம் கிழித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கடைசியாக டி.டி போட்ட வருஷத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியைப் புதுக் கவரிலிருந்து பிரிக்கிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள். அந்த ஒரு நொடிக் கவனம் மல்கோவாலில் இருந்திருந்தால் 19 பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.