சாமுவேல் பெந்தாம்

சர் சாமுவேல் பெந்தாம் (ஜனவரி 11, 1757 - மே 31, 1831) இங்கிலாந்தைச் சேர்ந்த கப்பல் கட்டுநரும், இயந்திரப் பொறியாளரும், கடற்படை நிர்வாகியும் ஆவார். தச்சு வேலைகளை இயந்திரங்களைக் கொண்டு செய்வதற்கான அடிப்படைகளை 1791, 1793 ஆகிய ஆண்டுகளில் பெற்ற காப்புரிமைகள் மூலம் வகுத்தார். பிரித்தானியக் கடற்படையின் கப்பல் கட்டும் தளங்களுக்கு நீராவி ஆற்றலைக் கொண்டு வந்தவரும் இவரே. மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் இவரது அண்ணன். தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தாம் இவரது மகன். தமிழ்நாட்டு மாணவர்கள் பாடநூல்களில் படிக்கும் பெந்தாம்-ஹூக்கர் தாவர வகைப்பாடு அம்மகனின் பெயரைத் தாங்கியதாகும்.

இளமைக் காலம்

சாமுவேல் இலண்டனில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்றார். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் சட்டம் அல்லது சமயப் பணியை நாடிய காலத்தில், இவர் தமது 14-ஆம் வயதில் உல்லிச் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கும் சாத்தம் தளத்திலுமாகப் பணியாற்றி ஏழாண்டுப் பயிற்சியை முடித்தார். கோடரி, வாள், உளி, இழைப்புளி ஆகியவற்றைக் கொண்டு கைகளால் கப்பல் கட்டும் முறையை இவர் நேரடியாகக் கற்றது இக்காலத்தில்தான். ஒரே வடிவிலான உறுப்புகளை ஆயிரக்கணக்கில் செய்யும்போது கைவேலையில் எவ்வளவு உழைப்பு செலவாகிறது என்பதையும் கண்டார்.

ரஷ்யாவில்

இங்கிலாந்தில் தகுந்த பதவி கிடைக்காமையால் 1780-இல் ரஷ்யா சென்றார். சைபீரியா வரை பயணம் செய்து சுரங்கங்களையும் ஆலைகளையும் பார்வையிட்டார். பின்னர் இளவரசர் பொட்டெம்கினிடம் பணியில் சேர்ந்து, இன்றைய பெலருஸ் நாட்டில் உள்ள கிரிச்சேவ் என்னும் ஊரில் அவருடைய பண்ணையின் தொழிற்கூடங்களை நடத்தினார். பேரரசி இரண்டாம் கத்தரீனின் 1787-ஆம் ஆண்டு ஆற்றுப் பயணத்துக்காகப் பல பகுதிகளை இணைத்து, வளைவுகளில் நெளிந்து செல்லும் படகு ஒன்றை அமைத்தார். 1788-இல் தினேப்பர் ஆற்று முகத்துவாரத்தில் துருக்கியருடன் நடந்த போரில் பங்கேற்றுப் புனித ஜார்ஜ் விருது பெற்றார்.

கிரிச்சேவில் தேர்ந்த கைவினைஞர் மிகச் சிலரே இருந்தனர். பயிற்சியற்ற உழவர்களோ பலர் இருந்தனர். இச்சூழல் இரு எண்ணங்களுக்கு வித்திட்டது. முதலாவது, நடுவில் இருக்கும் ஒருவர் சுற்றிலும் உள்ள அனைவரையும் மேற்பார்வையிடக்கூடிய வட்ட வடிவக் கட்டடம். அங்கு வந்து தங்கியிருந்த அண்ணன் ஜெரமி இதனை விரித்துப் பனாப்டிகான் என்ற சிறைத் திட்டமாக்கினார். இரண்டாவது, கைத்திறன் முழுவதும் தொழிலாளியிடம் இருக்க வேண்டியதில்லை, அதில் ஒரு பகுதியை இயந்திரத்திலேயே அமைத்துவிடலாம் என்பது. பெந்தாமின் பிற்காலப் பணிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் எண்ணத்திலிருந்து வளர்ந்தவை.

காப்புரிமைகள்

1791-இல் இங்கிலாந்து திரும்பிய பெந்தாம், அதே ஆண்டில் மரத்தை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இது கை இழைப்புளியைப் போல முன்னும் பின்னும் நகர்ந்து வேலை செய்வது. 1793-இல் பெற்ற காப்புரிமை இதைவிட மிக விரிவானது. கத்திகள் பொருத்திய சுழல் உருளையால் இழைத்தல், காடி எடுத்தல், விளிம்பில் படி வெட்டுதல், அலங்கார விளிம்பு அமைத்தல், கழுந்து செருகும் துளையிடுதல், புறாவால் இணைப்பு வெட்டுதல், வட்ட ரம்பத்தால் அறுத்தல் ஆகியவற்றுக்கான முறைகள் அதில் விளக்கப்பட்டன. பல துண்டுகளை இணைத்துப் பெரிய வட்ட ரம்பம் செய்யும் முறையும் அதில் இருந்தது.

இக்காப்புரிமையின் சிறப்பு அதன் பகுப்பு முறையில் உள்ளது. வண்டி செய்பவர், சன்னல் செய்பவர், மேசை செய்பவர் எனத் தொழில்வாரியாகப் பெந்தாம் சிந்திக்கவில்லை. எந்தத் தச்சு வேலையும் அறுத்தல், இழைத்தல், துளைத்தல் போன்ற சில செயல்களாகப் பிரியும் என்றும், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வெட்டும் கருவியையும் அதற்கேற்ற வழிகாட்டிச் சட்டத்தையும் அமைத்தால் போதும் என்றும் கருதினார். சுழலும் கத்தி, நகரும் பலகை, அளவு மாற்றக்கூடிய தடுப்பு என்ற மூன்றும் இன்றைய மர வேலை இயந்திரங்களிலும் காணப்படுகின்றன.

சகோதரர் இருவரும் வெஸ்ட்மின்ஸ்டரில் ஜெரமியின் வீட்டை ஒட்டிய பட்டறையில் இத்தகைய இயந்திரங்களைச் செய்வித்தனர். சன்னல் சட்டங்களின் பகுதிகளும் வண்டிச் சக்கரங்களும் அங்கே செய்து காட்டப்பட்டன. பனாப்டிகான் சிறையின் கைதிகளைக் கொண்டு இவற்றை இயக்குவதே நோக்கமாக இருந்தது. அச்சிறை கட்டப்படவில்லை. நீண்ட இழுபறிக்குப் பின் 1813-இல் ஜெரமிக்கு 23,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது.

கடற்படைப் பணிகள்

1796-இல் கடற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் என்ற புதிய பதவியில் பெந்தாம் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைசின் மகள் மேரி சோஃபியாவை மணந்தார். இக்காலத்தில் ஆரோ, டார்ட் உள்ளிட்ட சோதனைக் கப்பல்களை வடிவமைத்தார். இவற்றின் உட்பகுதி குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சீனக் கப்பல்களில் நெடுங்காலமாக இருந்துவந்த முறை இது.

போர்ட்ஸ்மவுத் தளத்தில் 1799-இல் முதல் நீராவிப் பொறி நிறுவப்பட்டது. உலர்துறைகளின் நீரை இறைப்பதோடு மர இயந்திரங்களையும் அதனால் ஓட்டுவது பெந்தாமின் திட்டமாகும். நீராவியால் இயங்கும் தூர்வாரிக் கப்பலையும் இவர் அறிமுகப்படுத்தினார்.

நிர்வாகத்தில் இவரது கொள்கை, ஒவ்வொரு பணிக்கும் தனி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது. முடிவுகளைக் குழுவாக எடுத்துவந்த கடற்படை வாரியத்தினருக்கு இது உவப்பாக இல்லை. தொழிலாளரும் இவரை ஐயத்துடனே நோக்கினர். மரக்கழிவுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அவர்களது பழைய உரிமை 1801-இல் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகப் பணம் தரப்பட்டது.

போர்ட்ஸ்மவுத் கப்பி ஆலை

பாய்க்கப்பல்களின் கயிறுகளை இயக்க மரக் கப்பிகள் தேவை. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலுக்குச் சுமார் 1,000 கப்பிகளும், கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 1,00,000 கப்பிகளும் தேவைப்பட்டன. பெந்தாம் இதற்கென ஆலை ஒன்றை அமைக்கத் தொடங்கியிருந்தபோது, பிரான்சில் பிறந்த பொறியாளர் மார்க் பிரூனல் தாம் 1801-இல் காப்புரிமை பெற்ற கப்பி இயந்திரங்களுடன் அவரை அணுகினார். கப்பியின் கூட்டை உருவாக்குவதில் பிரூனலின் முறையே மேலானது என ஏற்ற பெந்தாம், 1802-இல் அதனைப் பரிந்துரைத்தார். தம் துறையில் பிறர் கொண்டுவந்த சிறந்த தீர்வுக்கு அவர் வழிவிட்டார்.

ஹென்றி மாட்ஸ்லி சுமார் 45 இயந்திரங்களை உலோகத்தால் செய்து கொடுத்தார். பெந்தாமின் துணைவரான சைமன் குட்ரிச் ஆலையின் இயக்கத்தைக் கவனித்துக்கொண்டார். எல்ம் மரக் கட்டை ஓர் இயந்திரத்தில் துளைக்கப்பட்டு, அடுத்ததில் நீள்துளையாக்கப்பட்டு, மற்றொன்றில் வடிவம் பெற்றது. 1808-இல் ஆலை 1,30,000 கப்பிகளைச் செய்தது. முன்னர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்ய முடிந்தது. கருவி இயந்திரங்களைக் கொண்டு பெருமளவில் ஒரே வகைப் பொருளைச் செய்த முதல் ஆலைகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. கடற்படைக்கு இது பெரும் சேமிப்பைத் தந்தது. கைத்தொழிலாகக் கப்பி செய்தவர்களின் திறனுக்கோ தேவை இல்லாமற் போயிற்று.

பதவி இழப்பும் பிற்காலமும்

1805-இல் பிரித்தானியக் கடற்படைக்கான கப்பல்களை ரஷ்யாவில் கட்டுவிப்பதற்காகப் பெந்தாம் அங்கு அனுப்பப்பட்டார். அத்திட்டத்துக்கு ரஷ்ய அரசின் இசைவு கிடைக்கவில்லை. 1807-இல் அவர் திரும்பியபோது அவரது பதவி ஒழிக்கப்பட்டு, பணிகள் கடற்படை வாரியத்துடன் இணைக்கப்பட்டிருந்தன. தாம் குறைகூறிவந்த அதே வாரியத்தின் உறுப்பினராகப் பணியாற்றிய பெந்தாம், 1812-இல் அப்பணியிலிருந்தும் விலக நேர்ந்தது. 1814-இல் குடும்பத்துடன் பிரான்சில் குடியேறிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பி 1831-இல் இலண்டனில் காலமானார். மேரி சோஃபியா எழுதிய கணவரின் வாழ்க்கை வரலாறு, அவரது மறைவுக்குப் பின் 1862-இல் வெளியானது.

இயந்திரங்களை அடையாளம் காணுதல்

கப்பி இயந்திரங்கள் சில இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும், போர்ட்ஸ்மவுத்திலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பெந்தாமின் இயந்திரங்கள் என்று பொதுவாகக் குறிப்பது சரியன்று. கப்பி செய்வதற்கெனவே அமைந்தவை பிரூனலின் வடிவமைப்புகள். அவற்றைச் செய்தவர் மாட்ஸ்லி. பெந்தாமுடையவை அதற்கு முந்தைய பொதுக் கொள்கைகளும், ஆலையும் அதன் ஆற்றல் ஏற்பாடும் ஆகும். இயந்திரத்தின் சட்டமும் ஒரு குறிப்பைத் தரும். 18-ஆம் நூற்றாண்டு மர வேலை இயந்திரங்களின் சட்டங்கள் பெரும்பாலும் மரத்தாலானவை. மாட்ஸ்லியின் இயந்திரங்கள் உலோகத்தாலானதே அவற்றின் தனித்தன்மை.

காப்புரிமை ஆண்டையும் செய்த ஆண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது. பெந்தாம் 1793-இல் விவரித்த சுழல் கத்தி இழைப்பு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆலைகளில் பரவலானது 1820களின் பிற்பகுதியிலிருந்துதான். பல செயல்களை ஒரே சட்டத்தில் இணைத்த பன்னோக்கு மர வேலை இயந்திரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பட்டறைகளில் இடம்பெற்றன. அத்தகைய பழைய இயந்திரம் ஒன்றின் காலத்தைக் கணிக்கும்போது, அதில் பொறித்துள்ள காப்புரிமை ஆண்டுகளுள் கடைசியானதற்கு முன் அது செய்யப்பட்டிருக்க இயலாது என்று மட்டுமே கொள்ளலாம். சதுர வடிவக் கத்தித் தலை இருப்பின் பழமையானதாக இருக்கலாம். பாதுகாப்பான உருண்டைத் தலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவியது. ஆயினும் உறுப்புகள் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக் கூடுமாதலால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்புதல் ஆகாது.

மதிப்பீடு

1872-இல் மர வேலை இயந்திரங்கள் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் ஜான் ரிச்சர்ட்ஸ், பெந்தாமின் காப்புரிமைகளை இத்துறையின் தொடக்கமாக மதித்து எழுதினார். அண்ணனின் புகழுக்கும் பிரூனலின் புகழுக்கும் இடையே பெந்தாமின் பெயர் மறைந்தே இருந்தது. இருப்பினும், பலகையைத் தள்ளச் சுழலும் கத்தி அதை இழைக்கும் இன்றைய தச்சுப் பட்டறை, அவர் 1793-இல் எழுத்தில் வகுத்த வழியிலேயே இயங்குகிறது.