மால்குடியைப் படைத்த மைசூர்த் தமிழர்

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நாவல் வாங்கிக் கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஆங்கில ஆசிரியர்கள் பலரும் சொல்லும் பதில்களில் ஒன்று, "சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்".

அதை எழுதியவர் ஆர்.கே.நாராயண். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். வாழ்நாளில் பெரும் பகுதியை மைசூரில் கழித்த தமிழர்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதையை எழுதிய அவருக்குப் பள்ளிக்கூடம் பிடித்ததே இல்லை. பரீட்சையில் தோற்று வீட்டில் உட்கார்ந்தவர் அவர்.

புரசைவாக்கம் பாட்டி

ராசிபுரம் கிருஷ்ணசாமி அய்யர் நாராயணசாமி என்பது அவருடைய முழுப்பெயர். 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ந் தேதி சென்னையில் பிறந்தார்.

தந்தை மைசூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியர். அடிக்கடி ஊர் மாற்றம் வரும். அதனால் பையனைச் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் ஒரு மயிலும் ஒரு குரங்கும்தான்.

பாட்டி கணக்கு சொல்லிக் கொடுத்தார். புராணக் கதைகள் சொன்னார். சுலோகம், சங்கீதம் எல்லாம் பாட்டியிடம்தான். பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டாத பையனுக்குக் கதை கேட்கும் ருசி அந்த வீட்டில்தான் ஏற்பட்டது.

பரீட்சையில் தோல்வி

தந்தை மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். நாராயணும் மைசூர் வந்து சேர்ந்தார்.

தந்தை கண்டிப்பானவர். ஆனால் அவருடைய பள்ளி நூலகத்தில் நல்ல நல்ல புத்தகங்கள் இருந்தன. லண்டன் பத்திரிகைகளும் வந்தன. மகன் அத்தனையையும் படித்தார். பாடப் புத்தகத்தைத்தான் படிக்கவில்லை.

கல்லூரியில் சேருவதற்கான பரீட்சையில் தவறினார். தலைமை ஆசிரியரின் மகன் தோற்றுவிட்டான் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அந்த ஒரு வருடத்தை அவர் வீணாக்கவில்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தார். சாமுண்டி மலைப் பக்கம் நடந்தார். எழுதிப் பார்த்தார்.

1926-ம் ஆண்டு தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டிய பி.ஏ. படிப்புக்கு அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

வாத்தியார் வேலை

பட்டம் வாங்கியதும் வேலை தேட வேண்டும் அல்லவா? சென்னபட்டணத்தில் அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பெங்களூர் - மைசூர் ரெயில் பாதையில் உள்ள ஊர் அது.

உடற்பயிற்சி ஆசிரியர் வராதபோது அவருடைய வகுப்பையும் பார்க்கச் சொன்னார்கள். நாராயணுக்கு அது பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே வேலையை உதறிவிட்டு மைசூர் திரும்பினார். இனி எழுத்துதான் தொழில் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் இப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆங்கிலத்தில் கதை எழுதிப் பிழைத்த இந்தியர் யாரும் அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தது ரெயில் நிலையம்

1930-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பெங்களூரில் பாட்டி ஒரு நல்ல நாள் பார்த்துச் சொன்னார். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து எழுத உட்கார்ந்தார்.

அவர் மனதில் முதலில் தோன்றியது ஒரு சின்ன ரெயில் நிலையம். அதன் பெயர் மால்குடி. நிலையத்தைச் சுற்றித் தெருக்கள் வந்தன. சரயு ஆறு வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. சுவாமிநாதன் என்ற பையனும் வந்தான்.

சுவாமிக்குத் திங்கட்கிழமை என்றால் வெறுப்பு. கணக்கு என்றால் பயம். மணி, ராஜம் என்று சிநேகிதர்கள். சுதந்திரப் போராட்டக் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைக்கிறான். வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே கிரிக்கெட் ஆடுவதற்காக டிரில் வகுப்புக்கு மட்டம் போட்டு மாட்டிக் கொள்கிறான். பிரம்படிக்குப் பயந்து ஊரை விட்டே ஓடுகிறான்.

ஆசிரியரை வேலையை விட்டு ஓட வைத்ததும் டிரில். அவர் படைத்த பையனை ஊரை விட்டு ஓட வைத்ததும் டிரில்!

கதை முடிவதும் ரெயில் நிலையத்தில்தான். ராஜத்தின் தந்தைக்கு மாற்றல் ஆகிறது. கோபத்தில் இருக்கும் நண்பனுக்குக் கொடுக்க ஒரு புத்தகத்தை எடுத்துக் கொண்டு சுவாமி ஓடி வருகிறான். ரெயில் புறப்படுகிறது. மாற்றல் உத்தரவால் ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த இடம் புரியும்.

தேம்ஸ் நதிக்குப் போக இருந்த நாவல்

நாவலை லண்டன் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கிடையே வயிற்றுப்பாட்டுக்குச் சென்னையிலிருந்து வந்த "ஜஸ்டிஸ்" பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். கோர்ட்டு, மார்க்கெட்டு, நகரசபை என்று அலைந்து செய்தி சேகரித்தார். அச்சில் வந்த செய்தியை அளந்து பார்த்து, அந்த நீளத்துக்குத் தக்கபடி பணம் கொடுப்பார்கள்.

கோவையில் சகோதரி வீட்டுக்குப் போனபோது, தெருக் குழாயில் தண்ணீர் பிடித்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அதையும் மீறித் திருமணம் செய்து கொண்டார்.

ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்த நண்பர் பூர்ணாவிடம் நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. மனம் வெறுத்துப் போன நாராயண், அதில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார்.

நண்பர் அப்படிச் செய்யவில்லை. ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டு போய்க் கொடுத்தார். படித்த கிரீன் வியந்தார். அவருடைய முயற்சியால் 1935-ம் ஆண்டு லண்டனில் ஹேமிஷ் ஹாமில்டன் நிறுவனம் நாவலை வெளியிட்டது. நீளமான பெயரும் ஆர்.கே.நாராயண் என்று சுருங்கியது.

கிரீனும் நாராயணும் கடிதத்திலேயே நட்பை வளர்த்தார்கள். நேரில் சந்தித்தது 1956-ம் ஆண்டுதான்!

துயரமும் உழைப்பும்

நாவலைப் பாராட்டினார்கள். ஆனால் விற்பனை இல்லை. முதல் மூன்று நாவல்களையும் மூன்று வெவ்வேறு பதிப்பாளர்கள் வெளியிட்டார்கள். ஒருவருக்கும் லாபம் இல்லை.

1939-ம் ஆண்டு மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். கையில் சிறு பெண் குழந்தை. நாராயண் மறுமணம் செய்து கொள்ளவில்லை. அந்தத் துயரத்தை "தி இங்கிலீஷ் டீச்சர்" என்ற நாவலாக எழுதினார். அது 1945-ம் ஆண்டு வெளிவந்தது.

உலகப் போரால் லண்டனோடு தொடர்பு தடைப்பட்டது. அவர் சோர்ந்து போகவில்லை. 1942-ம் ஆண்டு "இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்" என்ற சொந்தப் பதிப்பகத்தை மைசூரில் தொடங்கினார்.

விருதும் விருது பெறாத நாவலும்

1958-ம் ஆண்டு வெளிவந்த "தி கைடு" நாவலுக்கு 1960-ம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1964-ல் பத்மபூஷண், 2000-ம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதுகளும் வந்தன.

சிறுவர் இலக்கியத்துக்கென்று சாகித்ய அகாடமி தனி விருது கொடுக்கத் தொடங்கியது 2010-ல்தான். சுவாமியின் கதை வந்த காலத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் விருது பெற்ற நாவலைவிட முன்னதாகவே பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேருவது சுவாமியின் கதைதான்.

அது பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவில்லை. முதல் மார்க்கு வாங்கும் பையனைக் கதாநாயகன் ஆக்கவில்லை. அவர்களுடைய பயத்தையும் பொய்யையும் ரோஷத்தையும் உள்ளபடி எழுதியது.

1980-களில் டெலிவிஷனில் வந்த "மால்குடி டேஸ்" தொடரால் சுவாமி வீடுதோறும் போய்ச் சேர்ந்தான். தொடரை இயக்கியவர் கன்னடத் திரையுலகின் சங்கர் நாக். படப்பிடிப்பு ஆகும்பேயில் நடந்தது. ஓவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே.லட்சுமண் வரைந்தவை.

டெல்லியில் எழுந்த குரல்

1980-களின் பிற்பகுதியில் டெல்லி மேல்-சபைக்கு நாராயண் நியமன உறுப்பினரானார். எண்பது வயதை எட்டியவர் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? புத்தக மூட்டையைப் பற்றி!

கூலியாள் போலப் பிள்ளைகள் பாரம் சுமந்து முதுகு வளைகிறார்கள், விளையாடவும் கனவு காணவும் நேரம் இல்லாமல் போகிறது என்று வாதாடினார்.

பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. பாடச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று அந்தக் குழு 1993-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது.

யாதவகிரி வீடு

கடைசிக் காலத்தில் சென்னையில் வசித்த நாராயண், 2001-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 94.

மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டை 2011-ம் ஆண்டு இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் வேலை நின்றது. கன்னடத்தில் எழுதாதவருக்கு அரசுச் செலவில் நினைவு இல்லமா என்று சிலர் கேட்டார்கள். ஆனாலும் வீடு காப்பாற்றப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டு 2016-ம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஊரிலிருந்து வரும் உறவினருக்கு அரண்மனையையும் சாமுண்டி மலையையும் காட்டுவது மைசூர்த் தமிழர்களின் வழக்கம். யாதவகிரி ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பரீட்சையில் தவறி முகம் வாடியிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவனை அங்கே அவசியம் கூட்டிப் போகலாம்.