வாட்ஸ்ஆப் சொல்லாத பாணினி: சொல்லுக்குள் குறிப்பு எழுதி, பிறகு அதை அழித்த இலக்கண ஆசிரியர்

மைசூரு விஜயநகரில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் தமிழர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அங்கிருந்து ஒரு பக்கம் போனால் ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். இன்னொரு பக்கம் போனால் மானசகங்கோத்ரியில் 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். முதல் இடத்தில் கணினி மொழி, இரண்டாவதில் மனித மொழி. இந்த இரண்டு துறையினரும் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் பெயர் ஒன்று உண்டு: பாணினி.

உங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் அந்தப் பெயர் வந்திருக்கும். கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசா அறிவித்துவிட்டதாக ஒரு செய்தி சுற்றுகிறது. நாசா அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1985-ல் ஏ.ஐ. மேகசின் இதழில் எழுதிய ஒரு கட்டுரைதான் ஊதிப் பெரிதாகி இப்படி வந்து நிற்கிறது.

அதற்காக பாணினியை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர் உண்மையில் செய்தது அந்த ஃபார்வர்டைவிடச் சுவாரஸ்யமானது.

யார் இந்த பாணினி?

பிறந்த இடம் சலாதுரம். காந்தார நாட்டில், சிந்து நதியும் காபூல் நதியும் கூடும் இடத்துக்கு அருகே இருந்த ஊர். இன்று அது பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் வருகிறது. காலம் கி.மு. 5 அல்லது 4-ம் நூற்றாண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. தாயின் பெயர் தாக்ஷி என்பது பின்னால் வந்த பதஞ்சலியின் உரையிலிருந்து தெரிகிறது. சிங்கம் அடித்து இறந்தார் என்பது கதை. அதற்கு ஆதாரம் இல்லை. கி.பி. 7-ம் நூற்றாண்டில் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் அந்த ஊருக்குப் போனபோது, பாணினிக்கு அங்கே சிலை இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

வாழ்க்கை பற்றி இவ்வளவுதான். மீதி எல்லாம் அவர் நூலுக்குள் இருக்கிறது. எட்டு அத்தியாயம், சுமார் 4,000 விதிகள் கொண்ட அஷ்டாத்யாயி. தனக்கு முன் இருந்த பத்து இலக்கண ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். விபாசா நதிக்கு, அதாவது இன்றைய பியாஸ் நதிக்கு, வடக்கே உள்ள கிணறுகளின் பெயர்களுக்குத் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறார். அந்தப் பெயர்களில் ஒலி அழுத்தம் மாறுகிறதாம்! அவ்வளவு கூர்மையான காது.

சரி, கம்பைலருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் எழுதும் நிரலை கம்பைலர் பெரும்பாலும் ஒரே தாவலில் இயந்திரக் கட்டளையாக மாற்றுவதில்லை. நடுவில் ஓர் இடைநிலைக் குறியீடு வரும். சி மொழியில் 'வணக்கம்' என்று ஒரு ஸ்ட்ரிங் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவது 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 21. முடிவைக் காட்ட ஒரு பூஜ்ய பைட் சேரும். எல்.எல்.வி.எம். இடைநிலைக் குறியீட்டில் அது 22 பைட் கொண்ட ஒரு வரிசையாக நிற்கும். அந்த 22 என்ற அளவு, ஸ்ட்ரிங்கின் வகையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அதாவது, இடைநிலையில் ஒரு ஸ்ட்ரிங் என்பது வெறும் எழுத்து அல்ல. எழுத்தோடு சேர்த்து, அடுத்த கட்டத்துக்கான குறிப்பு. வேலை முடிந்ததும் வகைக் குறிப்பு மறைந்துவிடும். பைட்டுகள் மட்டும் மிஞ்சும்.

இதே உத்தியை பாணினி ஒலிகளில் செய்தார். 'செய்' என்று பொருள்படும் வேர்ச்சொல் க்ரு. அதோடு க்த்வா என்ற விகுதியைச் சேர்த்தால் க்ருத்வா, அதாவது 'செய்து'. துமுன் என்ற விகுதியைச் சேர்த்தால் கர்தும், அதாவது 'செய்ய'. முதலாவதில் க்ரு அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் கர் ஆகிவிட்டது. ஏன்? க்த்வாவில் முன்னால் நிற்கும் க் உச்சரிப்பதற்கான எழுத்தே அல்ல. வேரின் உயிரை மாற்றாதே என்று மற்ற விதிகளுக்குச் சொல்லும் கொடி அது. துமுன்னில் அந்தக் கொடி இல்லை, அதனால் உயிர் மாறியது. வேலை முடிந்ததும் க் போய்விடும். துமுன்னின் கடைசி உன்னும் போய்விடும்.

இந்தக் குறிகளுக்கு அவர் வைத்த பெயர் இத். எவை இத், அவை எப்போது அழிய வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. ஒலிகளை 14 வரிகளாக அடுக்கி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு குறி வைத்த பட்டியலும் இந்த நூலோடு வருகிறது. அந்த முடிவுக் குறி எண்ணிக்கையில் சேராது, சி ஸ்ட்ரிங்கின் கடைசி பூஜ்யத்தை நீளத்தில் சேர்க்காதது போல. அதை வைத்து அச் என்றால் எல்லா உயிர்களும், ஹல் என்றால் எல்லா மெய்களும் என்று இரண்டே ஒலியில் அவரால் சொல்ல முடிந்தது.

இதைக் கணினி உலகம் கவனிக்காமல் இல்லை. நிரல் மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸ் முறைக்கு பாணினி-பேக்கஸ் வடிவம் என்று பெயர் வைக்கலாமே என, பீட்டர் இங்கர்மன் 1967-ல் ஏ.சி.எம். இதழுக்குக் கடிதம் எழுதினார்.

அப்போ சமஸ்கிருதம்தான் சிறந்த கணினி மொழியா?

இல்லை. பெருமை மொழிக்கு அல்ல, முறைக்கு. ஒரு மொழியை விதிகளாலும் குறிகளாலும் துல்லியமாக விவரிக்கலாம் என்று காட்டியதுதான் அவர் சாதனை. அந்த முறையைத் தமிழுக்கும் பயன்படுத்தலாம், ஜாவாவுக்கும் பயன்படுத்தலாம்.

அந்த முறையிலும் ஓர் ஆபத்து இருந்தது. பாணினி சில உயிரொலிகளை மூக்கொலியாக உச்சரித்து, இது இத் என்று அடையாளம் வைத்திருந்தார். தலைமுறைகள் கடந்தபோது அந்த மூக்கொலி தொலைந்துபோனது. எது சொல்லின் பகுதி, எது வெறும் குறி என்பதை இன்று உரையாசிரியர் மரபை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். எழுத்து தப்பியது, எழுத்தைப் பற்றிய குறிப்பு தப்பவில்லை.

உங்கள் வேலையிலும் இது நடக்கும். பெயர் நிரப்பும் பெட்டிக்கு 20 பைட் ஒதுக்கினால் 'வணக்கம்'கூட முழுதாக அடங்காது. 10 பைட்டில் வெட்டினால் க் மேலிருக்கும் புள்ளி நடுவில் உடைந்துவிடும். எந்த முறையில் பைட்டுகளாக்கினோம் என்ற குறிப்பு தொலைந்தால், திரையில் வருவது கட்டம் கட்டமாகக் குப்பை.

பாணினி தன் நூலை முடித்த விதத்தையும் பாருங்கள். அவர் காலப் பேச்சில் குறில் அ வாயைக் குறுக்கியும், நெடில் ஆ வாயைத் திறந்தும் ஒலித்தன. இரண்டையும் ஒரே இனமாக வைத்தால்தான் விதிகள் சுருங்கும். அதனால் நூல் முழுக்க, குறிலையும் திறந்த ஒலியாகவே பாவித்தார். எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசி விதியாக, அந்த அகரத்தை மக்கள் பேசும் ஒலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.