கேள்விக்கணை தொடுத்த தீரர் சத்தியமூர்த்தி



இன்று பரிசளிப்பு விழா. மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் எல்லாரும் பரீட்சையில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதியவர்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு என்று ஒரு பரிசு எங்கேயாவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டிலே பிள்ளை நாலு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டால், சும்மா தொணதொணக்காதே, போய்ப் படி என்று நாமே அதட்டிவிடுகிறோம் இல்லையா?

கேள்வி கேட்டே ஒரு பெரிய அரசாங்கத்தைத் திணற வைத்த ஒரு தமிழர் இருந்தார். துப்பாக்கி தூக்கவில்லை. கல் எறியவில்லை. ஒரு காகிதத்தில் கேள்வியை எழுதி, கையெழுத்துப் போட்டு, உரிய நாளில் கொடுத்தார். பதில் வந்ததும் எழுந்து நின்று அடுத்த கேள்வியைத் தொடுத்தார். அவ்வளவுதான். அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

பிறப்பும் படிப்பும்

சத்தியமூர்த்தி 1887 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். நம் பாட்டன் பூட்டன் பலர் கப்பலேறி வந்த சீமைக்குப் பக்கத்து ஊர்தான் அது. இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்தார். சட்டமும் படித்து வக்கீலானார். சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞரான எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் அவருக்கு நல்ல பயிற்சி. நாடக மேடையில் வேஷம் கட்டி நடிப்பதிலும் ஆசை உண்டு. குரலோ கணீரென்று இருக்கும். இந்தக் குரலும் சட்ட அறிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வெள்ளைக்கார அரசாங்கம் பின்னாளில் தெரிந்துகொண்டது.

சபைக்குள் போவதா, வேண்டாமா?

1920 களின் தொடக்கத்தில் காங்கிரசுக்குள் ஒரு பெரிய வாக்குவாதம். ஆங்கிலேயர் அமைத்த சட்டசபையை ஒதுக்க வேண்டும் என்றார் காந்தியடிகள். உள்ளே போய் நின்றுதான் எதிர்க்க வேண்டும் என்றார்கள் சுயராஜ்யக் கட்சியினர். சத்தியமூர்த்தி இரண்டாவது பக்கம். எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய் அவனிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் 1923 இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார்.

அதற்காக அவர் எல்லா விஷயத்திலும் சரியான பக்கமே நின்றார் என்று சொல்ல வரவில்லை. சின்னப் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது, சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். அதிலே வென்றது அம்மையார் பக்கத்து நியாயம்தான். பெரிய மனிதருக்கும் சறுக்கல் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உண்மை தெரியும்.

1934 இல் நடந்த தேர்தலில் வென்று, 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையில் உட்கார்ந்தார். காங்கிரஸ் குழுவுக்குப் பூலாபாய் தேசாய் தலைவர். சத்தியமூர்த்தி துணைத் தலைவர். இங்கேதான் அவருடைய கேள்விக்கணைகள் பறக்க ஆரம்பித்தன.

கேள்வி என்ன செய்யும்?

கேள்வி கேட்டுட்டா மட்டும் என்னங்க ஆகிடப் போவுது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சரி, அந்தக் காலத்துச் சபை எப்படி இருந்தது என்று பாருங்கள்.

அப்போது இந்தியாவை ஆண்டது வைசிராயும் அவருடைய நிர்வாகக் குழுவும். சபையில் ஓட்டெடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வரவு செலவுத் திட்டத்தைச் சபை தோற்கடித்தால்கூட, வைசிராய் தன் தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றிக்கொள்வார். இத்தனை வாசலும் அடைபட்ட வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதுதான் கேள்வி நேரம்.

அந்த ஜன்னலும் சும்மா திறக்கவில்லை. 1892 ஆம் ஆண்டுச் சட்டப்படி சபையில் கேள்வி கேட்கலாம், ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 1909 க்குப் பிறகு, கேள்வி கேட்டவர் மட்டும் அதன்மேல் துணைக்கேள்வி போடலாம் என்று வந்தது. 1921 இல் புதிய சபை கூடியபோதுதான் எந்த உறுப்பினரும் எழுந்து துணைக்கேள்வி கேட்கலாம் என்ற உரிமை கிடைத்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் ஆயிற்று, கதவு இவ்வளவு திறக்க!

கேள்வியைப் பத்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்குச் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக்கேள்வி வரும். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்திலே பதில். இரண்டுமே அச்சாகி, சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறிவிடும்.

எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம் என்ன செய்யும் தெரியுமா? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளுக்குக் குடிதண்ணீர் இல்லை. ஜனங்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாயால் சொன்னார்கள். காற்றோடு போயிற்று. இப்போது ஒரு உறுப்பினர் அதைக் கேள்வியாக எழுதிக் கொடுக்கிறார். தண்ணீர்க் குழாய் இல்லை என்பது உண்மையா? புகார் எத்தனை வந்தது? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? எப்போது சரியாகும்?

காகிதம் ரயில்வே இலாகாவுக்குப் போகிறது. மேலதிகாரி கீழதிகாரியைக் கேட்கிறார். அவர் கிளார்க்கைக் கேட்கிறார். தூசி படிந்த பைல் வெளியே வருகிறது. பதில் எழுதியாக வேண்டும், தேதிக்குள் எழுதியாக வேண்டும், பொய் எழுதினால் நாளைக்குப் பிடிபடும். அந்தப் பத்து நாளில் குழாய் போட்டுவிட்டால் நல்ல பதில் சொல்லலாமே என்று யாரோ ஒருவருக்குத் தோன்றும். பாருங்கள், சபையில் கேள்வி வாசிக்கப்படும் முன்னாலேயே பாதி வேலை நடந்துவிடுகிறது!

துணைக்கேள்வி மன்னர்

ஆனால் அதிகாரிகள் லேசுப்பட்டவர்களா? தப்பிக்க நாலு வழி வைத்திருப்பார்கள். தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறோம், பிறகு தருகிறோம் என்பது ஒரு வழி. பொதுநலனை முன்னிட்டுச் சொல்ல இயலாது என்பது இன்னொரு வழி. முதல் பகுதிக்கு இல்லை, ஆகவே இரண்டாம் பகுதி எழவில்லை என்று மழுப்புவது மூன்றாவது. கேட்டதை விட்டு வேறு எதையோ நீளமாகச் சொல்வது நாலாவது. நம் ஆபீஸ்களிலும் இதெல்லாம் கேட்ட குரல்தானே!

இந்த நாலு வழியையும் அடைப்பதில்தான் சத்தியமூர்த்தி கெட்டிக்காரர். பதில் முடிந்த மறுகணம் எழுந்துவிடுவார். பதிலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தகவல் திரட்டுகிறோம் என்றால், எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடியும் என்று கேட்டால் போதுமே! அது ஒரு சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொன்னவர் தேதிக்குக் கட்டுப்பட்டுவிடுவார். துணைக்கேள்வியை ஆங்கிலத்தில் சப்ளிமெண்டரி என்பார்கள். இவருடைய வேகத்தைப் பார்த்து இவருக்கே சப்ளிமெண்டரி மூர்த்தி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நிதி இலாகாவைப் பார்த்தவர் ஜேம்ஸ் கிரிக் துரை. காரசாரமான வாய்க்காரர். அப்பேர்ப்பட்டவர்கள் எதிரே இருந்தும் சத்தியமூர்த்தி அஞ்சவில்லை. கூச்சல் போட்டுக் காரியத்தைக் கெடுக்கவும் இல்லை. சபை விதி என்ன சொல்கிறதோ அந்த விதிக்குள் நின்றுகொண்டு கேட்டார். அதனால்தான் அவரை வெளியே தள்ள வழி இல்லாமல் போயிற்று.

நமக்கும் அந்தச் சபைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. நம் முன்னோர்கள் பால்மரம் வெட்ட மலாயா வந்த காலத்தில், அவர்கள் நலனைக் கவனிக்க இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். 1922 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். கூலி எவ்வளவு, லயம் எப்படி, ஆஸ்பத்திரி உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். டில்லியில் அந்த விஷயங்களுக்குப் பொறுப்பான இலாகாவைச் சபையிலே கேள்வி கேட்க முடிந்தது. கடல் கடந்து போன இந்தியர்களின் நிலை அங்கே அடிக்கடி எழுந்த விஷயம்.

1936 ஆம் ஆண்டு முடிவில் சீனிவாச சாஸ்திரியார் இங்கே வந்து தோட்டங்களைப் பார்த்தார். 1938 இல் தோட்டத் துரைமார் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசாங்கம் அந்த ஜூன் மாதத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதற்குத் தடை போட்டது. இது ஒருவர் கேட்ட ஒரு கேள்வியால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்குச் சபையில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்த அரசாங்கம், கூலிக்காரன்தானே என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்ற நம் தாத்தாவுக்கு, வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அவர் கேட்க முடியாததை வேறொருவர் அவருக்காகக் கேட்க முடிந்தது. மக்கள் பிரதிநிதி என்றால் அதுதானே பொருள்?

தண்ணீர் தந்தவர்

1939 இல் சத்தியமூர்த்தி சென்னை மாநகரின் மேயரானார். இப்போது நாற்காலி மாறிவிட்டது. கேட்டவர் பதில் சொல்ல வேண்டியவரானார். அன்று சென்னையில் தண்ணீர்த் தட்டுப்பாடு. உலக யுத்தம் வேறு மூண்டுவிட்டது, பணம் இல்லை என்று தட்டிக் கழிக்க நல்ல சாக்கு. அவர் அப்படிச் செய்யவில்லை. அரசாங்கத்தை விடாமல் வற்புறுத்தி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அனுமதி வாங்கினார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944 இல் அணை கட்டி முடிந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர் அவர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைது செய்து, தொலைதூரத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். உடம்பு மிகவும் கெட்டது. 1943 மார்ச் 28 ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் கண்மூடினார். வயது 55 தான். நாடு விடுதலை பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது.

அவர் வளர்த்துவிட்ட தொண்டர்தான் விருதுநகர்க் காமராஜர். பின்னாளில் முதலமைச்சராகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் மதிய உணவையும் தந்தாரே, அவரேதான். பூண்டி ஏரிக்கு இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

நாம் கற்க வேண்டியது

மாணவச் செல்வங்களே! நம் நாட்டு மக்களவையிலும் வாய்மொழிக் கேள்வி, எழுத்துவழிக் கேள்வி என்று இரண்டும் உண்டு. அமைச்சு பதில் தந்தாக வேண்டும். பதில் ஏட்டில் பதிவாகும். உங்கள் பகுதி உறுப்பினர் என்ன கேட்டார், என்ன பதில் வாங்கினார் என்று நீங்கள் தேடிப் படிக்கலாம். வகுப்பில் புரியாததை எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெற்றோர்களே! பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்து, நாளைக்கு வா, அடுத்த மாசம் வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த ஒரு தாளில் பிள்ளையின் படிப்பே அடங்கியிருக்கிறது. இனி வாயால் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள். நகல் ஒன்று பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டவரிடம் ஒரு முத்திரை கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலை எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போங்கள். அவர் சபையில் கேட்பதற்கு ஆதாரமே நீங்கள் எழுதிய அந்தக் காகிதம்தான்.

மரியாதையாகக் கேட்பதில் அவமானம் இல்லை. கேட்காமல் இருந்து பிள்ளையின் வாழ்வை இழப்பதுதான் அவமானம். அடுத்த பரிசளிப்பு விழாவிலாவது, நல்ல கேள்வி கேட்ட ஒரு பிள்ளைக்குப் பரிசு ஒன்று ஒதுக்குவோமே!

வாழ்க தீரர் சத்தியமூர்த்தி புகழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!