குரலுக்கு உரியவர் யார்? சாம் குக்கின் முதல் இசைத்தட்டும் உரிமைப் போராட்டமும்

'சோல்' இசையின் முன்னோடியாக சாம் குக்கை வரலாறு கொண்டாடுகிறது. அவருடைய குரலின் இனிமையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அக்குரல் ஈட்டிய பொருளுக்கு உரியவர் யார் என்ற கேள்வியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1931இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரில், ஒரு மதபோதகரின் மகனாக அவர் பிறந்தார். இன ஒதுக்கல் சட்டமாகவே நிலவிய மண் அது. லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வெளியேறிய அக்காலத்தில் அவருடைய குடும்பமும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. 1950இல் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் புகழ்பெற்ற பக்திப் பாடற்குழுவில் அவர் முதன்மைப் பாடகரானார். தேவாலயங்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. எனினும், ஸ்பெஷால்ட்டி என்னும் வெள்ளையருடைமை நிறுவனமே இசைத்தட்டுகளை வெளியிட்டது. கணக்குப் புத்தகமும் அதனிடமே இருந்தது.

1957இல் அவர் உலகியல் காதற்பாடல்களைப் பதிவு செய்தபோது, நிறுவன உரிமையாளர் ஆர்ட் ரூப்புக்கு அம்முயற்சி பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் தமக்கு வரவேண்டிய பணத்துக்கு ஈடாக அப்பதிவுகளைப் பெற்றுக்கொண்டு வெளியேறினார். அவற்றுள் ஒன்றான 'யூ சென்ட் மி' கீன் என்னும் புதிய நிறுவனத்தின் வழியே வெளிவந்து, கறுப்பினத்தவர், வெள்ளையர் என இரு சந்தைகளின் தரவரிசையிலும் முதலிடம் பிடித்தது. அதை எழுதியவர் சாம் குக். ஏட்டில் இருந்ததோ அவருடைய தம்பி எல்.சி.யின் பெயர். பழைய ஒப்பந்தத்தைக் காட்டி ஸ்பெஷால்ட்டி பதிப்புரிமையைக் கோரக்கூடும் என்பதே காரணம். தன் உழைப்பைக் காத்துக்கொள்ள ஒரு கலைஞர் தன் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது.

1958இல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டை இப்பின்னணியில் கேட்க வேண்டும். அதில் பெரும்பாலானவை வெள்ளை நடுத்தர வர்க்கம் ஏற்கெனவே அறிந்திருந்த பிறருடைய பாடல்கள். 'ஓல் மேன் ரிவர்' அவற்றுள் ஒன்று. மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமை தூக்கும் கறுப்பினத் தொழிலாளியின் துயரைச் சொல்லும் அப்பாடலை 1927இல் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதியவரும் இசையமைத்தவரும் வெள்ளையர். மிசிசிப்பியில் பிறந்த ஒருவர் தம் மக்களின் துயரைப் பாடுகிறார். படைப்பாளிக்குரிய ராயல்டியோ வேறிடம் செல்கிறது. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வு கலைப்பொருளாகும்போது பயன் யாருக்குச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாம் குக் இந்நிலையோடு அமைதி கொள்ளவில்லை. ஜே.டபிள்யூ. அலெக்சாண்டருடன் இணைந்து பதிப்புரிமை நிறுவனத்தையும், எஸ்.ஏ.ஆர். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தையும் நடத்தினார். பாபி வோமாக், ஜானி டெய்லர் போன்ற இளம் கறுப்பினக் கலைஞர்கள் அங்கே வாய்ப்புப் பெற்றனர்.

உடைமைக்கான அவருடைய போராட்டமும் மாண்புக்கான போராட்டமும் ஒன்றாகவே வளர்ந்தன. 1961இல் மெம்பிஸ் நகரில் இனவாரியாகப் பிரித்து அமர்த்தப்பட்ட அவையின் முன் பாட மறுத்தார். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகர விடுதியொன்று, முன்பதிவு செய்திருந்தும் அவருக்கு அறை மறுத்தது. எதிர்த்துக் கேட்ட அவரும் உடன் வந்தோரும் அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்யப்பட்டனர். சில மாதங்களில் அவர் பதிவு செய்த 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' குடியுரிமை இயக்கத்தின் கீதமாயிற்று. ஆனால் அது தனித்தட்டாக வெளிவந்தபோது, பொதுவிடங்களில் விரட்டப்படுவதைச் சொல்லும் சரணம் நீக்கப்பட்டிருந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை. 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதியொன்றில் சுட்டுக்கொல்லப்பட்டார், வயது 33. தற்காப்புக்கான கொலை என விசாரணை விரைவில் முடிக்கப்பட்டது. குடும்பத்தார் அம்முடிவை ஏற்கவில்லை. அவருடைய பாடல்களின் உரிமையில் பெரும்பகுதி பின்னர் மேலாளர் ஆலன் கிளைனின் நிறுவனத்திடம் சேர்ந்தது. ஷ்ரீவ்போர்ட் நகரம் மன்னிப்புக் கேட்டது 2019இல்தான்.

கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவி 1972இல் தலித் சிறுத்தைகள் எழுந்த நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், திரைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதவாறு பாதுகாக்கிறது. ஆயினும் அப்பாதுகாப்பு படைப்பாளி என ஏட்டில் பெயர் பெற்றவருக்கே உரியது. கானாவும் ஒப்பாரியும் நம் சேரிகளிலிருந்து திரைக்குச் செல்லும்போது, ஏட்டில் எவர் பெயர் எழுதப்படுகிறது என்று கேட்பதும், கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துக்காட்டுவதும் சட்டம் பயின்ற நம் கடமை.