வானசாஸ்திரி சந்திரசேகர்

மார்கழியில், கிறிஸ்து பிறப்புத் திருநாளின் பாதிராத்திரிப் பூசை முடிந்து ஏரிக்கரை வழியாக வீடு திரும்புகிறவர்கள் சற்றே தலை நிமிர்ந்து பார்க்கட்டும். உச்சிக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே சிவந்து தெரிவது திருவாதிரை. அந்த வரிசையைத் தென்கிழக்காக நீட்டிக்கொண்டு போனால், இராவானத்து நட்சத்திரங்கள் எல்லாவற்றிலும் பிரகாசமான ஒன்று வெண்மையாய் மின்னும். அதன் பெயர் சிரியஸ்.

இந்தச் சிரியஸுக்குத் துணை நட்சத்திரம் ஒன்று உண்டு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. 1862-ல்தான் தொலைநோக்கியில் அகப்பட்டது. சூரியனுக்குள்ள எடை முழுவதும் நம் பூமியளவு உருண்டைக்குள் அடைபட்டுக் கிடப்பது அது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நிறுத்தால் டன் கணக்கில் நிற்கும். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சாம்பல் என்றே சொல்லலாம். வெண்குள்ளன் என்று அதற்குப் பெயர். எந்த நட்சத்திரமும் கடைசியில் இப்படித்தான் அமைதியாய் அடங்கும் என்று அக்காலத்துப் பெரிய சாஸ்திரிகள் எண்ணியிருந்தார்கள். அப்படியன்று எனக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் நம் சென்னையில் படித்த 19 வயது வாலிபர். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-ம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ந் தேதி லாகூரில் அவர் பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்கு இலாகாவில் உயர்ந்த உத்தியோகஸ்தர். தாயார் சீதாலட்சுமி அம்மாள் பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததோடு, நார்வே நாட்டு இப்ஸனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தும் இருக்கிறார். சர் சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா. 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே பாடம். பிறகு திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளி, அப்புறம் பிரஸிடென்ஸி காலேஜ்.

1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் தாயார் அப்போது கடும் நோயாயிருந்தார். பிள்ளைக்குப் போக மனமில்லை. தாயாரே வற்புறுத்தி, இவன் எனக்காக மட்டும் பிறந்தவனல்லன் என்ற எண்ணத்தோடு அனுப்பி வைத்தார். ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய மகன் மறுபடி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. 1931-ம் வருஷம் மே மாதம் அவர் காலமானார்.

அந்தக் கப்பலில்தான் கணக்கு பிறந்தது. நெல் மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால் அடிமூட்டை நசுங்கும், ஆனாலும் தாங்கும். அடுக்கிக்கொண்டே போனால் ஒரு மூட்டையில் அது பிதுங்கி வெடித்துவிடும். வெண்குள்ளனைத் தாங்கி நிற்பவை எலெக்ட்ரான்கள் என்னும் நுண்ணிய துகள்கள். பாரம் ஏற ஏற அவை ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடத் தொடங்கும். அப்போது ஐன்ஸ்டீனின் தத்துவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவற்றின் தாங்கும் சக்தி நாம் எண்ணுவதைவிடக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஓர் எல்லை உண்டு. பின்னர் திருத்தமாய்க் கண்டபடி அது சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குமேல் பாரமான சாம்பல் நிற்காது. உள்நோக்கி இடிந்து விழும். எங்கே போய் விழும் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது.

1933-ல் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு ஸ்தானம் கிடைத்தது. அங்கே அவரிடம் மிகுந்த அன்பு காட்டியவர் சர் ஆர்தர் எடிங்டன். உலகப் புகழ்பெற்ற வானசாஸ்திரி. 1934-ன் பிற்பகுதியில் அவர் அடிக்கடி இந்த வாலிபரின் அறைக்கே வந்து, கணக்கு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று பார்த்துப் போவார். மாற்றுக் கருத்து ஏதும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

1935-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லண்டனில் ராயல் வானசாஸ்திரச் சங்கத்தின் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவைப் படித்துவிட்டு அமர்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். நட்சத்திரம் இப்படி இடிந்து விழுவது அபத்தம் என்றும், அதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தே தீரவேண்டும் என்றும் வேடிக்கையாய்ப் பேசினார். சபையோர் சிரித்தார்கள். 24 வயது அந்நிய நாட்டு வாலிபருக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் தவறுவது உலக இயல்பு. நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. போர், பௌலி முதலிய மேதைகளிடம் விஷயம் போயிற்று. எடிங்டன் சொல்வது சரியல்ல என்று அவர்கள் தனிமையில் ஒப்புக்கொண்டார்கள். பகிரங்கமாய்ச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அந்த எல்லை சாஸ்திர உலகில் ஊன்றி நிற்கப் பல வருஷங்கள் பிடித்தன.

சந்திரசேகர் வழக்காடவில்லை. 1936-ல் தாயகம் வந்து, பிரஸிடென்ஸி காலேஜில் உடன் படித்த லலிதாவை மணந்துகொண்டார். மறுவருஷம் இருவரும் அமெரிக்கா சென்று, சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யெர்க்ஸ் வானிலையத்தில் தங்கினார்கள். தமது கணக்கு முழுவதையும் 1939-ல் ஒரு புஸ்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் அதுவே அவர் வழக்கமாயிற்று. ஒரு துறையைப் பல வருஷம் உழுவார், புஸ்தகம் எழுதுவார், அடுத்த வயலுக்குப் போவார்.

அங்கேயும் எல்லாம் சுகமாய் இருந்துவிடவில்லை. அவருடைய நிறத்தைக் காரணமாக்கி, சிகாகோ நகரில் அவர் பாடம் நடத்தலாகாது என்று ஒருவர் தடுத்தார். சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டு அதை நீக்கினார். பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மோட்டாரில் போய் அவர் நடத்திய ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள். இருவரும் சீனர்: லீ, யாங். 1957-ல் அந்த வகுப்பு முழுவதற்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்கு அப்போதும் கிடைத்திருக்கவில்லை! 1952 முதல் 1971 வரை, பத்தொன்பது வருஷம், அமெரிக்காவின் முக்கியமான வானசாஸ்திரப் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர்.

எடிங்டனை அவர் வெறுத்தாரா? இங்கேதான் இந்த மனிதரை நாம் நின்று பார்க்கவேண்டும். யுத்த காலத்திலும் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. தாம் சைக்கிளில் எவ்வளவு தூரம் சுற்றினேன் என்ற கணக்கைக்கூட எடிங்டன் அவருக்கு எழுதியிருக்கிறார். 1944-ல் எடிங்டன் மறைந்தபோது, சிகாகோவில் அஞ்சலியுரை நிகழ்த்தி, அக்காலத்து மகா வானசாஸ்திரிகளின் வரிசையில் அவரை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் புகழ்ந்தவர் சந்திரசேகர்தாம். 1982-ல் எடிங்டனின் நூற்றாண்டு வந்தது. அதே கேம்பிரிட்ஜுக்குப் போய் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவரும் அவர்தாம். பழைய தகராறை மறைக்கவில்லை. அதற்காக அவருடைய பெருமையைக் குறைக்கவுமில்லை. தம்மை நாஸ்திகர் என்று சொல்லிக்கொண்டவர் இவர். அதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

1983-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி, அவருடைய 73-வது பிறந்த நாளன்றே, நோபல் பரிசுச் செய்தி வந்தது. பரிசுக்குக் காரணமானவற்றுள் கப்பலில் தொடங்கிய அந்தக் கணக்கும் ஒன்று. 1995-ல் ஆகஸ்ட் 21-ந் தேதி சிகாகோவில் காலமானார்.

நிற்க. இடிந்து விழும் நட்சத்திரங்களையும் அவற்றைச் சூழ்ந்த கொதிக்கும் வாயுவையும் பார்க்க எக்ஸ்ரே கதிர் வேண்டும். ஆஸ்பத்திரியில் நம் உடலைத் துளைத்துப் போகும் கதிர்தான் அது. ஆனால் பூமியைச் சூழ்ந்த காற்றுப் போர்வை அவ்வளவு தடிமனானது. வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரே தரையை எட்டாது. ஆகையால் தொலைநோக்கியை மேலே அனுப்பவேண்டும். கண்ணாடியிலும் ஒரு சங்கடம் உண்டு. நம் பிள்ளைகள் தென்னேரி ஏரியில் தட்டைக் கல்லைப் படுக்கையாய் வீசினால், அது நீரின்மேல் தத்தித் தத்தி ஓடும். செங்குத்தாய்ப் போட்டால் அமிழ்ந்துவிடும். எக்ஸ்ரேயும் அப்படியே. நேரே வந்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். உரசினாற்போல் வந்தால்தான் திரும்பும். அதனால் பீப்பாய் போன்ற நான்கு ஜோடிக் கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாய் வைத்து அமெரிக்கர் ஒரு தொலைநோக்கி செய்தார்கள். பெயர் வைக்க உலகெங்கும் போட்டி வைத்தார்கள். வைத்த பெயர் சந்திரா.

1999-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி கொலம்பியா விண்ணோடம் அதை ஏற்றிச் சென்றது. நிலவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரம்வரை போய்ச் சுற்றிவரும் தொலைநோக்கி அது. ஐந்தாண்டுக்கென்று அனுப்பியது, 2024-ல் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்தது.

ஆகஸ்ட் 26-ந் தேதி அதன் முதல் படங்கள் வெளியாயின. அவற்றுள் ஒன்று காசியோப்பியா என்ற மண்டலத்தில், சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில், வெடித்துச் சிதறிய ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம். திருவாதிரையும் அத்தகைய பாரமான நட்சத்திரந்தான். ஒருநாள் அதற்கும் இதே முடிவு. சிதறல்கள் வளையமாய் ஒளிர, நட்ட நடுவில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு சிறு புள்ளி இருந்தது. எல்லையைத் தாண்டி இடிந்து விழுந்த நட்சத்திரத்தின் நெஞ்சுப் பகுதி அது.

சந்திரசேகர் மறைந்து அன்றைக்கு நான்கு வருஷமும் ஐந்து நாளும் ஆகியிருந்தன. லலிதா அம்மையார் இருந்தார். 2013-ல், தமது 102-வது வயதில் அவரும் காலமானார்.