அகங்காட்டிய ராண்ட்ஜன்

ஒருவனைத் தராசில் நிறுத்தால் அவன் உடலின் பாரம் தெரியும். இடுப்பைச் சுற்றி நூல் பிடித்தால் அதன் சுற்றளவு தெரியும். ஆயின், வயிற்றினுள்ளே குடலைச் சூழ்ந்து படிந்திருக்கும் கொழுப்பு எவ்வளவு என்பதைத் தராசும் சொல்லாது, நூலும் சொல்லாது. தோலின் கீழுள்ள கொழுப்பினும் இவ்வுட்கொழுப்பே நீரிழிவிற்கும் இருதய நோய்க்கும் மிகுதியும் ஏதுவாகின்றதென்பர் வைத்தியர். உயிருள்ள உடலை அறுக்காமலே இதனை அளத்தற்கு முதற்கதவைத் திறந்தவர் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர். புறத்தை மாத்திரம் கண்டு மதிப்பிடும் உலகத்தால் தாமும் ஒரு காலத்தில் தள்ளப்பட்டவர் அவர். அவர்தம் சரித்திரத்தை நம் மாணவ நேயர்கட்குச் சுருங்கக் கூறுவோம்.

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி லென்னெப் என்னும் ஊரில் ஒரு துணி வியாபாரியின் ஏக புத்திரராய்ப் பிறந்தார். அவரது மூன்றாம் வயதில் பெற்றோர் ஹாலந்து தேசத்திற் குடியேறினர். அங்கே உட்ரெக்ட் நகரத்துத் தொழிற்பள்ளியில் அவர் பயிலுங்கால், மாணவனொருவன் ஆசிரியரைப் பரிகசித்துச் சித்திரம் வரைந்தான். வரைந்தவன் பெயரைக் கூற ராண்ட்ஜன் மறுத்தார். அதனாற் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். பள்ளித் தேர்ச்சிப் பத்திரம் அவர் கைக்கு வரவேயில்லை. அப்பத்திரம் இன்றியும் மாணவரை ஏற்ற ஸூரிக் நகரத்துப் பாலிடெக்னிக்கிற் சேர்ந்து பயின்று, 1869-ல் அந்நகரத்துச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னர் வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையிற் போதகராக விரும்பியபோது, பழைய பத்திரக் குறையே மீண்டும் குறுக்கே நின்றது. ஆயினும் 1888-ல் அதே சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது; 1894-ல் தலைமைப் பதவியும் அளித்தது.

1895-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, இருளாக்கிய அறையில், கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயினுள் அவர் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். சற்றுத் தொலைவிலிருந்த, பேரியம் பிளாட்டினோ ஸயனைடு பூசிய திரை ஒளிவிட்டது. அட்டையை ஊடுருவி வந்தது யாதென ஏழு வாரம் தனித்திருந்து ஆராய்ந்தார். டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவியார் கரத்தைப் படம் பிடித்தார். எலும்புகளும் மோதிரமும் அதில் விளங்கின. இயல்பு அறியப்படாமையால் அவற்றிற்கு எக்ஸ் கிரணங்கள் எனப் பெயரிட்டார். 1901-ல் பௌதிக சாஸ்திரத்திற்குரிய முதல் நோபெல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுத் தொகையைச் சர்வகலாசாலைக்கு ஈந்தார். தம் கண்டுபிடிப்பிற்குத் தனியுரிமை பெற மறுத்து, அதனை உலகிற்குப் பொதுவாக்கினார்.

எலும்பைக் காட்டிய அக்கிரணங்கள் கொழுப்பையும் தசையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. இரண்டும் மெல்லியவை, மேலும் உறுப்புகளின் நிழல்களெல்லாம் ஒரே படத்தில் ஒன்றன்மேலொன்றாய் விழுந்தன. 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்பவர் அமைத்த இயந்திரம் இக்குறையைத் தீர்த்தது. அது பல திசைகளினின்றும் கிரணங்களைச் செலுத்தி, கணினியின் துணைகொண்டு உடலின் குறுக்குவெட்டைப் படமாக்கும். அதன் அளவையில் நீர் சூனியம். காற்று அதற்குக் கீழே 1000. கொழுப்பு ஏறக்குறைய 30 முதல் 190 வரை கீழே. கொப்பூழ் மட்டத்தில் ஒரு வெட்டெடுத்து, வயிற்றுத் தசைச்சுவருக்கு உள்ளே இவ்வெண்ணுக்குட்பட்ட பரப்பைக் கூட்டினால் உட்கொழுப்பு தெரியும். இப்பரப்பு 100 சதுர செண்டிமீட்டருக்குக் குறையாதாயின் எச்சரிக்கை வேண்டுமென்பது ஜப்பானிய வைத்தியர் வகுத்த எல்லை. ஒரே இடையளவுடைய இருவர் இவ்வளவில் பெரிதும் வேறுபடுதல் கூடும். ஆயினும் இக்கிரணங்கள் மிகின் தீங்கு பயக்குமாதலின், தேவையறிந்தே இச்சோதனையைச் செய்வர்.

ராண்ட்ஜனது முதுமை வறுமையிற் கழிந்தது. 1914-ல் மூண்ட பெரும்போருக்குப் பின் ஜெர்மானிய நாணயம் மதிப்பிழந்தமையால் அவரது சேமிப்பு கரைந்தது. 1923-ம் வருஷம் பெப்ருவரி 10-ந் தேதி ம்யூனிக் நகரில் குடற்புற்று நோயால் உயிர்நீத்தார். அவர் தந்த ஒளி அவர் வயிற்றினுள் நன்கு காணும் வன்மையை அந்நாளில் அடைந்திலது.

நண்பர்காள், பரீட்சையும் பத்திரமும் வேண்டுவனவே. அவை இடையளக்கும் நூல் போல்வன. தோழனைக் காட்டிக்கொடாத நெஞ்சையும், தேடிக் கண்டதை விலைபேசாத குணத்தையும் அந்நூல் அளக்கவில்லை. நம் அயலிருக்கும் மாணவனை மதிப்பிடும்போது இதனை நாம் மறவாதிருப்போமாக.